இருபது சூ கடன்

ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதை நாவலில் எப்படி எழுதுவது என்று டீச்சரிடம் கேட்டேன். ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். "பால்சாக்கோட கோரியோ நாவல்ல எங்கெல்லாம் காசு வருதோ, எல்லாத்தையும் இதுல குறிச்சுட்டு வாப்பா. யார் கொடுத்தா, யார் வாங்குனா, எதுக்கு. அது போதும்." அவரிடம் எழுதப் பழக வருகிறவர்களுக்கு முதல் வேலையே இதுதான்.

1835இல் புத்தகமாக வந்த நாவல். கதை 1819இல் பாரிஸின் மலிவான விடுதி ஒன்றில் தொடங்குகிறது. என் நோட்டில் முதலில் ஏறியது வாடகை. சேமியா வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த கோரியோ, வந்த புதிதில் வருடத்துக்கு 1,200 பிராங்க் கொடுத்து முதல் மாடியில் இருக்கிறார். பிறகு 900 பிராங்க்குக்கு இரண்டாவது மாடி. பிறகு மாதம் 45 பிராங்க்குக்கு மூன்றாவது மாடி. கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களுக்காக அவர் கரைந்துகொண்டிருப்பது விடுதியில் யாருக்கும் தெரியாது. வாடகைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து ரஸ்தின்யாக். சட்டம் படிக்க வந்த, நொடித்த பிரபு வீட்டுப் பையன். ஊரில் குடும்பத்துக்கு வருட வருமானம் 3,000 பிராங்க். அதில் 1,200 இவனுக்கே வருகிறது. பெரிய வீடுகளில் நுழைய நல்ல உடுப்பு வேண்டுமென்று அம்மாவிடம் இன்னொரு 1,200 கேட்கிறான். தங்கைகளின் சேமிப்பையும் கேட்கிறான். 1,550 பிராங்க் வந்து சேர்கிறது. "அவன் தபால் போடுற இடத்தைத் திரும்பப் படி" என்றார் டீச்சர். படித்தேன். எழுதி முடித்ததும் நெஞ்சு பதறுகிறது, வெட்கம் பிடுங்குகிறது, பெட்டிக்கு முன்னால் நின்றும் தயங்குகிறான். ஆனாலும் போட்டுவிடுகிறான். பால்சாக் அவனைத் திட்டவில்லை. தொகை அங்கே இருக்கிறது, அவன் கையும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில்தான் நான் தொழில் கற்றேன் என்பேன்.

விடுதியில் தங்கியிருக்கும் இன்னொருவனான வோத்ரேன் வந்ததும் தொகைகள் பெருகுகின்றன. அதே விடுதியில் தங்கியிருக்கும் விக்டோரினைப் பணக்கார அப்பா ஒதுக்கிவைத்திருக்கிறார். அவள் அண்ணன் செத்தால் சொத்து அவளுக்கு. அண்ணனை வாள்சண்டையில் தீர்த்துவிட ஆள் இருக்கிறது. நீ அவளைக் கட்டிக்கொள், பத்து லட்சம் வரும், எனக்கு 2,00,000 கொடு என்கிறான் வோத்ரேன். ரஸ்தின்யாக் மறுக்கிறான். ஆனால் அவளிடம் கனிவாகப் பேசுவதை விடவில்லை. அவள் வீட்டாரை எச்சரிக்க நினைத்த இரவில் மயக்க மருந்து கலந்த மது அவனைத் தூங்கவைத்துவிடுகிறது. சண்டை நடந்துவிடுகிறது. கல்யாணமும் இல்லை, பணமும் இல்லை. டீச்சர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்: "வரவுல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு உசுரு போயிருச்சு பாரு."

நானும் நிலத்தரகரிடம் வேலைக்குச் சேர்கிற ஒரு பையனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் மனப்போராட்டத்துக்கென்று வைத்திருந்த அத்தியாயத்தில் இப்போது அக்காவின் வளையல் அடகுச் சீட்டு இருக்கிறது.

நோட்டில் கடைசித் தொகை மிகச் சிறியது. கோரியோவின் அடக்கத்துக்கு மகள்கள் வரவில்லை. ஆளில்லாத வண்டிகள் வந்தன. குழி வெட்டியவர்களுக்குக் கொடுக்க ரஸ்தின்யாக்கின் பையில் காசில்லை. விடுதி வேலைக்காரனிடம் 20 சூ சில்லறை கடன் வாங்குகிறான். பிறகு பாரிஸுக்குச் சவால் விட்டுவிட்டு, செத்தவரின் இளைய மகள் டெல்பின் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். அந்தச் சாப்பாட்டை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று டீச்சரும் நானும் சாயங்காலம் முழுக்க வாதாடினோம். அவர் செலவு என்கிறார். நான் வரவில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.