நாடாவுக்கு அப்பால்

மண்ணை நம்பிப் பிழைக்கும் குடியில் பிறந்தவன் அந்த மண்ணையே சந்தேகிக்கக் கற்றுக்கொள்வதுதான் கண்ணிவெடி எடுக்கும் தொழிலின் முதற்பாடம். பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் என்னோடு பயின்றவர்களில் பலர், பாலாற்றங்கரையிலும் செய்யாற்றங்கரையிலும் இருந்த சொற்ப நிலத்தைப் பங்கு பிரித்தால் ஒரு வயிற்றுக்கும் காணாது என்று கண்டு, தமையன்மாரிடம் ஏரை ஒப்படைத்துவிட்டு ரயிலேறிய இளையவர்களே. ரோமன் எழுத்தில் உருது வாசிக்கவும், பாலம் கட்டவும், பாறை பிளக்கவும் அங்கே எங்களுக்குக் கற்பித்தார்கள். மண்ணை அறியும் வித்தையை மட்டும் நாங்கள் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தோம்.

1944-ஆம் வருஷத் தொடக்கத்தில் நான்காவது இந்திய டிவிஷனோடு இத்தாலியில் காஸினோ மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது, போலந்து நாட்டு அதிகாரி ஒருவர் கண்டுபிடித்து, 1942-ல் எல் அலமைன் யுத்தத்தில் பெயர் பெற்ற கருவி எங்கள் கையில் இருந்தது. நீண்ட கழியின் நுனியிலுள்ள தட்டை மண்ணுக்குச் சற்று மேலே அசைத்துக்கொண்டே போனால், அடியில் இரும்பு இருக்கும் இடத்தில் காதில் மாட்டிய ஹெட்போனில் ஓசை மாறும். ஆனால் குண்டுச் சிதறல்கள் கல்லோடு கல்லாய்க் கலந்து கிடந்த அந்த மலையில் அது ஓயாமல் அலறிற்று. ஜெர்மானியர் மரப்பெட்டிக்குள் இருநூறு கிராம் வெடிமருந்தை அடைத்துப் புதைத்த 'ஷூ' மைன் விஷயத்திலோ, இரும்பு அநேகமாக இல்லாமையால், வாயே திறக்கவில்லை. ஆகவே கடைசியில் குப்புறப் படுத்துக்கொண்டு, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான சனியனைச் சாய்வாக மண்ணில் செருகி, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பதே கதியாயிற்று. செங்குத்தாக இறக்கினால் சனியன் வெடியின் தலையில் குத்தும். சாய்த்துச் செருகினால் விலாவில் தட்டும். மேல்மண் ஒருமுறை கிளறி மூடப்பட்டதா, புல் வாடியது வெயிலாலா வேர் அறுந்ததாலா, மழைக்குப் பின் ஓரிடம் மட்டும் ஏன் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்ற கேள்விகளெல்லாம் எங்களுக்குப் புதியவை அல்ல. செடி பிடுங்கிய கொல்லையில் காம்பற்று மண்ணுக்குள் தங்கிப்போன மல்லாட்டை என்னும் நிலக்கடலையைக் கண்ணை நம்பாமல் விரல்நுனியால் துழாவி எடுத்து மடியை நிரப்பிய பிள்ளைகள்தாமே நாங்கள்!

வேலை நடக்கும்போது ஊர் ஞாபகம் வருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வராது, வந்தால் கை பிசகும். எங்கள் சாப்பர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கிராமத்தவர், 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி மின்யானோ என்னுமிடத்தில் வெடிக்கவிருந்த மைன்மேல் தம் உடலைக் கிடத்தி, உடன் வந்தவர்களைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்குப் பிற்பாடு கிடைத்தது. அந்தக் கணத்தில் அவர் ஊரையும் உற்றாரையும் எண்ணியிருப்பார் என்று மேடையில் உருகிப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். சில விநாடிகளுக்குள் ஒரு மனிதன் செய்து முடித்த காரியத்துக்கு நம்முடைய கண்ணீரை ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டுமோ, எனக்குத் தெரியவில்லை. அந்த விநாடிகளில் அவர் தம் தொழிலைத்தான் நினைத்திருப்பார். அதுவே அவருக்குப் பெருமை.

ஊர் வருவது பிற்பாடு, கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, டப்பாப் பால் கலந்த தேநீரோடு உட்காரும்போதுதான். அப்போதும் தாயின் முகமோ கோயில் கோபுரமோ எனக்கு முந்தி வந்ததில்லை. கவலை இறைப்பதற்காக விடியுமுன் எழுந்து, விளக்கும் இல்லாமல் செருப்பும் இல்லாமல், வீட்டிலிருந்து கிணறு வரையில் வரப்பின்மேல் நடந்துபோவேனே, அந்த நடைதான் வந்தது. பார்க்காமல் காலை வைக்கக்கூடிய பூமி ஒன்று இவ்வுலகத்தில் இருக்கிறது என்ற அந்த நினைவிலே உண்டான ஏக்கத்தைக் கடிதத்தில் எழுதத் தெரியவில்லை. எழுதினாலும் ஊரில் யாருக்கும் விளங்கியிராது. இருக்கும் இடத்தின் பெயரை எழுதத் தணிக்கை அதிகாரி விடமாட்டார். வெடியின் பெயரை எழுத எனக்கே மனமில்லை. மிஞ்சியது விவசாயம் ஒன்றுதான். பாலாற்றில் ஊற்றுக்கால் வெட்டியாயிற்றா, செவலைப் பசு ஈன்றதா என்று நான் கேட்பேன். தகப்பனார் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதிய பதில், ஊற்றுக்காலை வெள்ளம் மூடிய பிறகு என் கைக்கு வரும்.

அவ்வருஷக் கோடையில், அரெத்ஸோ நகரத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் முன்னேறியபோதுதான் இத்தொழிலின் எல்லை எதுவென்று எனக்குத் தைத்தது. பின்வாங்கிய ஜெர்மானியர் பாலங்களைத் தகர்த்து, மனிதன் மிதித்தால் சும்மா இருந்து லாரி ஏறினால் வெடிக்கும் டெல்லர் மைன்களைச் சாலைகளில் புதைத்துப் போயிருந்தார்கள். சிலவற்றுக்கு அடியில் தூக்கினால் வெடிக்கும்படி வேறொரு பொறியும் இருக்குமாதலால், கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுப்போம். சாலையும் அதன் ஓரமும் சுத்தமானதும் இருபுறமும் வெள்ளை நாடா பிடித்துவிட்டு அடுத்த பாலத்துக்குப் போய்விட வேண்டியதுதான். ஓரிடத்தில் அந்த நாடாவுக்கு அப்பால், நம் மாடுகளைவிட எவ்வளவோ உயரமான இரண்டு வெள்ளை எருதுகளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். அவர் என் தகப்பனாரை எவ்விதத்திலும் ஒத்திருக்கவில்லை. கோதுமை முற்றித் தலைசாய்ந்திருந்த தம் வயலைச் சுட்டிக் காட்டினார். பின் எங்கள் கருவியைக் காட்டினார். பின் எருதுகளின் கால்களைக் காட்டினார். எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உத்தரவு சாலைக்கு மட்டுமே. படைக்கு வேண்டியது கடந்து போவதற்கு ஒரு வழி, குடியானவனுக்கு வேண்டியதோ நின்று பிழைப்பதற்கு நிலம் என்பதையும், நான் கற்ற வித்தை படைக்கே ஊழியம் செய்கிறது என்பதையும் அன்று அறிந்தேன். எங்கள் ஹவில்தாரும் வட ஆற்காட்டுக்காரர்தான்; அவர் கிழவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "லாரி வந்துவிட்டது, ஏறு தம்பி" என்றார். ஏறினேன்.

1946-ல் ஊர் திரும்பி, சேர்த்த பணத்தில் கிணற்றுக்கு மேற்கே ஒரு கொல்லை வாங்கினோம். ஆடிப் பட்டத்தில் நானே ஏர் பூட்டினேன். நாலு சால் ஓட்டுவதற்குள் தகப்பனார் வரப்பிலிருந்து கூவினார்: "டேய், கொழுவையே என்னடா பார்க்கிறாய்? எதிர்வரப்பைப் பார்த்து ஓட்டு!" எதிர்வரப்பைப் பார்க்க வேண்டுமென்பது எனக்கும் தெரியும், கண்தான் கொழு கிழிக்கும் இடத்தைவிட்டு எழ மறுத்தது. அந்த வருஷம் சால்கள் கோணல் கோணலாகவே ஓடின. விளைச்சல் என்னவோ அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மூட்டை கட்டும்போது தகப்பனார் அதைப்பற்றிப் பேச்செடுக்கவும் இல்லை.