கைக்கேற்ற கத்தி

நாரந்தனையில் கள்ளிறக்குவோருக்குப் பாளை சீவும் கத்தி; ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும் பெண்களுக்குச் சத்தகம்; ஆட்டுக்குக் குழை அறுக்கக் கொக்கத்தி. தொழிலே கத்தியைத் தெரிந்தெடுக்கிறது என்று வகுப்பிலே கூறினோம்.

“கைத்துப்பாக்கி எந்தத் தொழிலுக்கு, சேர்?” என்றான் ஒரு மாணவன்.

நாம் வாயடைத்து நின்றோம். 2001 நவம்பர் 28 அன்று, தேர்தற் பிரசாரத்துக்கு வந்தோர் இதே நாரந்தனையில் தாக்கப்பட்டனர், இருவர் மாண்டனர். அம்மாணவன் அப்போது பிறந்திருக்கவுமில்லை.

தற்காப்புக்கு என்பர் சிலர். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. ஆயினும் அதனைத் தெரிந்தெடுப்பது தொழிலன்று, அச்சமே. ஒருவன் இடுப்பில் செருகினால் அயலவனும் தேடுவான்.

மறுநாள் விடை கூறினோம்: “தம்பி, வாக்குக் கேட்டு வருவோர் வெறுங்கையோடு வந்து உயிரோடு திரும்பும் ஊரில் அதற்குத் தொழிலே இல்லை. அவ்வூரை ஆக்குவது நமது தொழில்.”