பூட்டைத் திறங்க பாஸ்!

'ஸ்குவாஷ்'னு சொன்னதும் எலுமிச்சை ஜூஸ் ஞாபகம் வருதா? எங்க ஹாஸ்டல்லயும் பாதிப் பேருக்கு அப்படித்தான். நான் சொல்ல வந்தது, ராக்கெட் எடுத்து விளையாடுற ஸ்குவாஷ்!

ரூல்ஸ் சிம்பிள். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலத்துல ஒரு அறை. நெட் கிடையாது. ரெண்டு பேரும் முன் சுவரைப் பார்த்து மாத்தி மாத்தி அடிக்கணும். பந்து தரையில ரெண்டாவது தடவை குத்தறதுக்குள்ள எடுத்துடணும். அவ்வளவுதான்!

அந்தக் குட்டிப் பந்துக்குள்ள எங்க மெக்கானிக்கல் பாடமே இருக்கு. முதல்ல களிமண் உருண்டை மாதிரி 'தொப்'புனு விழும். அடிக்க அடிக்க ரப்பர் சூடாகி, உள்ளே காத்தழுத்தம் ஏறி, துள்ள ஆரம்பிச்சிடும். சூடாகாத பந்தோட மல்லுக்கட்ட முடியலையா? நல்லா எகிறுற நீலப் புள்ளிப் பந்துல ஆரம்பிங்க. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பந்து வர்ற வேகம் அப்படி!

கிரிக்கெட்டுக்கு 22 பேரைத் தேடணும். இதுக்கு ஒரே ஒரு ஃப்ரெண்ட் போதும். அவனும் லேப் ரெக்கார்டு எழுதப் போயிட்டானா? சுவர் இருக்கே! மழை, வெயில் பிரச்னை இல்லை. 40 நிமிஷத்துல சட்டையைப் பிழியலாம். அடுத்த பந்து எந்த மூலைக்குப் போகும்னு யோசிக்கிற மண்டையில அரியர் பயத்துக்கு இடமே இல்லை. இன்டர்னல்ஸ் வாரத்துல கூட எனக்கு ராத்திரி தூக்கம் வர்றது இந்த விளையாட்டாலதான்.

'பணக்காரங்க கிளப் கேம்'னு ஒதுக்காதீங்க. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில இரட்டையர் தங்கம் அடிச்ச தீபிகா பள்ளிக்கல், ஜோஷ்னா சின்னப்பா ரெண்டு பேரும் நம்ம சென்னை. 2025 டிசம்பர்ல உலகக் கோப்பையை இந்தியா முதல்முறையா ஜெயிச்சதும் சென்னையிலதான். அந்த டீம்ல ஜோஷ்னா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார்னு மூணு பேர் தமிழ்நாட்டுக்காரங்க! 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்குவாஷ் முதல்முறையா ஒலிம்பிக்ஸுக்குள்ள நுழையுது.

ஆனா, நம்ம காலேஜ்கள்ல? எங்க கேம்பஸ் கோர்ட்ல ரெண்டு வருஷமா உடைஞ்ச பெஞ்சுகள்தான் ஆடிட்டு இருந்துச்சு. நாங்க நாலு பேர் மனு கொடுத்து, பெஞ்சைத் தூக்கி, கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கியிருக்கோம். இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள ஆள் சேரலைன்னா, அது பரீட்சைப் பேப்பர் ரூம் ஆயிடுமாம். இதுவரைக்கும் பதினோரு பேர் வந்துட்டாங்க. அதுல நாலு பேர் பொண்ணுங்க!

உங்க காலேஜ்லயும் ஏதாவது ஒரு மூலையில பூட்டின கோர்ட் இருக்கலாம். நாளைக்கே பி.டி. சார்கிட்ட சாவி கேட்டுப் பாருங்க. ஆள் இல்லாத கோர்ட் குடோன் ஆகுறதுக்கு ரொம்ப நாள் ஆகாது, பாஸ்!