ஞாயிற்றுக்கிழமை ஏசி ஓடுமா?

மே மாதத்துத் திங்கள்கிழமைக் காலை அது. மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசரின் முகப்பில் மைனஸ் 4 என்று எரிந்துகொண்டிருந்தது. என் ஆய்வு மாணவி ஒரு பெட்டியை வெளியே எடுத்தாள். குழாய்களின் மேல் அவள் பேனாவால் எழுதிய எண்கள் ஈரத்தில் கலங்கியிருந்தன. இரண்டு பருவம் வயல் வயலாக அலைந்து சேர்த்த நெல் வேர்கள். அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ.வை இனி நம்ப முடியாது. அவள் அழவில்லை. "சார், ஃபெல்லோஷிப் இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு" என்றாள்.

"எல்லாம் இந்த எல்-1 பண்ற வேலை" என்று கத்தினேன். இருப்பதிலேயே குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்கிற நாங்கள் டீ குடிக்கும்போதெல்லாம் பாடுகிற பல்லவி இது. டெண்டர், ஜெம் என்கிற அரசு இணையக் கொள்முதல் தளம், தணிக்கை, மார்ச் 31-ஐத் தாண்டினால் கைவிட்டுப் போகும் நிதி என்று சரணங்களும் உண்டு.

கொள்முதல் பிரிவு அலுவலர் கோப்போடு வந்தார். "இது நீங்க எழுதிக் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷன்தானே சார்?"

கொள்ளளவு, அடுக்குகள், உத்தரவாதம் எல்லாம் இருந்தன. அறையின் வெப்பம் பற்றி ஒரு சொல் இல்லை. வந்த ஃப்ரீசர் 25 டிகிரி அறைக்கென்று செய்தது. விடுமுறை நாளில் ஏசியை அணைத்த அறையில் அதன் கம்ப்ரசர் திணறி நின்றுவிட்டது. '32 டிகிரி அறையிலும் மைனஸ் 80-இல் நிற்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், இதை விற்ற நிறுவனம் தொழில்நுட்பச் சுற்றிலேயே கழன்றிருக்கும். அதன் விலைப்புள்ளியைப் பிரித்தே இருக்க மாட்டார்கள்.

2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் மலிவானதை வாங்கு என்று சொல்லவில்லை. கேட்ட தகுதி உள்ளவற்றில் மலிவானதை வாங்கு என்கின்றன. தகுதியைச் சொல்ல வேண்டியவன் நான். மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் ஒரு பழைய கோப்பைப் பார்த்து அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். கொள்முதல் குழுவில் கையெழுத்துப் போடும்போது மனசுக்குள் ஒரு நெருடல் இருந்தது. இருந்தும் போட்டேன். மலிவானதை வாங்கினாய் என்று எந்தத் தணிக்கையும் கேட்காது என்ற தைரியம்தான்.

என் மாணவி மறுபடி வயலில் இறங்கினாள். கடைசி ஏழு மாதம் உதவித்தொகை இல்லாமல் ஆய்வேட்டை முடித்தாள்.

விதிகளிலும் குறை உண்டு. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் ஆய்வகங்களுக்குச் சிலவற்றைத் தளர்த்தியது. கொட்டேஷன் கேட்காமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்ச ரூபாயானது. தேவைப்பட்டால் ஜெம்முக்கு வெளியே வாங்கவும் இயக்குநர்களுக்கு அதிகாரம் வந்தது. நல்லதுதான். அதிகாரம் கூடும்போது சாக்குச் சொல்ல இடம் குறையும்.

ஓய்வுக்குப் பிறகும் கொள்முதல் குழுக்களுக்கு அவ்வப்போது அழைக்கிறார்கள். விலையைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. முதலில் ஒன்று கேட்பேன்: "ஞாயிற்றுக்கிழமை அந்த ரூம்ல ஏசி ஓடுமா?"