உம்மாவின் எண்ணெய்க் கோப்பை

2018 ஆம் ஆண்டு நோன்பு. எங்கள் தெருவில் பெண்களுக்குத் தராவீஹ் நடக்கும் வீட்டில் இரண்டாவது ஸப்பில் நின்றிருந்தேன். இருபது ரக்அத்தை இரண்டிரண்டாகத் தொழுதால் பத்துத் தடவை இருப்பில் அமர வேண்டும். நான்காவது இருப்பில் என்னால் முடியவில்லை. மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் எரிந்தது. ஸலாம் கொடுத்ததும் எழும்பி வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.

"என்ன டீச்சர், சுகமில்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"கால் விறைக்குது புள்ள" என்றேன்.

அந்தப் பொய்யை மூன்றரை வருடம் சொன்னேன்.

அப்போது எனக்கு 55 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. நின்றபோது நான் கவலைப்படவில்லை. இனி நோன்பு கழாவாகாது, தொழுகை விடுபடாது என்று சந்தோஷம்தான். உடம்போடு இருந்த கணக்கு வழக்கெல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைத்தேன்.

முதலில் இரவில் அரிப்பு. பிறகு எரிச்சல். பிறகு சிறுநீர் பட்டாலும் தண்ணீர் பட்டாலும் வேதனை. வகுப்பில் நின்றுகொண்டு படிப்பிப்பதால் பகல் ஒருவாறு கழிந்தது. ஆசிரியர் அறையில் உட்காரும் நேரம்தான் பெரும்பாடு. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவேன்.

தமிழ் படிப்பித்தே சம்பளம் வாங்கியவள் நான். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் நான்கைந்து பெயர் இருக்கிறதென்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த இடத்துக்கு என் வாயில் ஒரு பெயரும் இருக்கவில்லை. 'கீழே' என்போம், 'அந்த இடம்' என்போம். பெயர் சொல்ல முடியாத இடத்தில் வந்த நோயை யாரிடம் எப்படிச் சொல்வது? ஒரு துண்டில் 'சொறிக்குப் பூசும் கிறீம்' என்று எழுதி அவரைப் பார்மசிக்கு அனுப்பினேன். எங்கே சொறி என்று நான் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. பங்கசுக்கான கிறீம் ஒன்று வந்தது. பூசினேன். கேட்கவில்லை. இன்னொன்று வந்தது.

பிறகு ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். வைத்தியர் ஆண். 'கொஞ்சம் அரிப்பு' என்று மட்டும் சொன்னேன். அவர் பார்க்கவில்லை. சீனி இருக்கும் என்று இரத்தம் சோதிக்க எழுதினார். சீனி இருக்கவில்லை. மாத்திரை தந்தார். அவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். காட்டுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் எழும்பி ஓடியிருப்பேன்.

சுத்தம் போதவில்லையென்றுதான் நானே முடிவுகட்டினேன். ஐந்து நேரம் தொழுகிறவள் அழுக்காய் இருக்கலாமா? சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். படிகாரம் கரைத்தேன். வேப்பிலை அவித்தேன். கிருமிநாசினி கலந்த வெந்நீரில் உட்கார்ந்தேன். கழுவக் கழுவத் தோல் வெடித்தது. வெடித்த இடத்திலிருந்து ஈரம் கசிந்தது. ஈரம் கசிந்தால் வுழூ இருக்கிறதா முறிந்ததா என்ற சந்தேகம். மறுபடியும் கழுவுதல். ஒரு லுஹருக்கு மூன்று தடவை வுழூ எடுத்த நாளும் உண்டு.

எங்கள் இருவருக்கும் நடுவிலும் இது வந்தது. ஓர் இரவு அவர், "என்னில கோவமா?" என்று கேட்டார். "வயசு போயிட்டு, இனி என்ன" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனார். அங்கே காற்று நல்லது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவரும் ஒரு பொய் சொல்லப் பழகிக்கொண்டார்.

2021 இல் ஒரு நள்ளிரவு. அரிப்பு தாங்காமல் எழும்பி, குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெயைக் கோப்பையில் ஊற்றினேன். லைட் போடவில்லை. அந்தக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் உம்மாவின் கட்டிலுக்குக் கீழேயும் இப்படியொரு கோப்பை இருந்தது. முழங்காலுக்கு என்று சொல்வா. கதிரை நுனியில்தான் உம்மா உட்காருவா. கல்யாண வீட்டில் பாதியில் எழும்பி 'வாங்க போவம்' என்பா. பொறுமையில்லாத மனிசி என்று நாங்கள் பிள்ளைகளெல்லாம் சிரித்திருக்கிறோம். உம்மா 1998 இல் மௌத்தானா. அவவுக்கும் இதே நோய்தான் என்று சொல்ல என்னிடம் அத்தாட்சி இல்லை. ஆனால் அவவின் முழங்காலில் எண்ணெய் மினுங்கியதை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கதிரை நுனியில் இருந்தேன். மகள் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், உங்களுக்கு இரிக்க ஏலாதா?"

மூன்றரை வருடத்தில் சரியான கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். நான் அழுதுவிட்டேன். அடுத்த கிழமையே என்னைச் சுகவனிதையர் கிளினிக்குக் கூட்டிப்போனார். 1996 இலிருந்து நாட்டில் நடந்துவரும் கிளினிக் அது. நான் படிப்பித்த பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

வைத்தியர் இளம் பெண். பார்க்க ஐந்து நிமிடமும் எடுக்கவில்லை. பிறகு ஒரு கண்ணாடியை என் கையில் தந்து, "நீங்களும் பாருங்க" என்றார். 58 வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். தோல் கசங்கிய மெல்லிய கடதாசிபோல் வெளுத்திருந்தது. உள்மடிப்புகள் தேய்ந்து ஒட்டிப்போயிருந்தன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதால் அங்குள்ள தோல் மெலிந்து வறள்வது பலருக்கும் வருவது, அதற்கென்று தனியாக ஈஸ்ட்ரஜன் கிறீம் உண்டு, ஆனால் எனக்கு வேறொன்றும் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஊசியால் விறைக்க வைத்து ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். டிசம்பரில் பெயர் வந்தது: லைக்கன் ஸ்கிளிரோசஸ்.

அது தொற்றாது. அழுக்கால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே பகையாக எடுத்துக்கொள்வதால் வருவதாகக் கருதுகிறார்கள். சிலரிடம் குடும்பவழியாகவும் காணப்படுகிறது. இதைக் கேட்டதும் கட்டிலுக்குக் கீழேயிருந்த கோப்பைதான் கண்ணில் வந்தது.

மருந்து குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீரொய்ட் களிம்பு. முதல் மாதம் தினமும் இரவில், இரண்டாம் மாதம் ஒன்றுவிட்ட ஒரு நாள், மூன்றாம் மாதம் கிழமையில் இரண்டு நாள். பார்மசியில், "இது கடும் மருந்து, அந்த மாதிரி இடத்துக்குப் பூசப்படாது" என்றார்கள். பெட்டிக்குள் இருந்த தாளிலும் அப்படித்தான் பயமுறுத்தியிருந்தது. வைத்தியரிடம் திரும்பிப் போனேன். இந்த நோய்க்கு இதுதான் முதல் மருந்து, விரல் நுனியில் பாதியளவு போதும், பூசாமல் விடுவதில்தான் ஆபத்து என்றார். கவனிக்காமல் விட்டால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம். 507 பெண்களைத் தொடர்ந்து பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. ஒழுங்காகப் பூசிய 357 பேரில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. ஒழுங்கில்லாத 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. மகள்தான் தேடி வாசித்துச் சொன்னாள். கணக்கில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டுமென்று விளங்கியது.

மூன்றாம் கிழமை, விடியும்வரை தூங்கினேன். சுபஹுக்கு அவர்தான் எழுப்பினார். அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துத் தாளை முன்னும் பின்னும் வாசித்தார். "இதையா என்னிட்ட மறைச்ச?" என்றார். கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம் இருந்தது. இப்போது பார்மசியில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவர் அவர்தான்.

2022 இல் நாட்டில் மருந்தில்லாமல் போனபோது இந்தக் களிம்பும் கிடைக்கவில்லை. எரிபொருள் வரிசைகளின் காலம் அது. மிச்சத்தைச் சிக்கனமாகப் பூசிப் பார்த்தேன். நோய் திரும்ப மூண்டது. கொழும்பிலிருந்து ஒருவரின் கையில் மகள் அனுப்பிய ஒரு டியூப்தான் என்னைக் காப்பாற்றியது.

இன்றும் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இது முற்றாக மாறும் நோயல்ல. கிழமையில் இரண்டு நாள் பூசுகிறேன். ஆறு மாதத்துக்கொரு தடவை காட்டுகிறேன். அந்த இடத்துக்குச் சவர்க்காரத்தை நிறுத்திவிட்டேன். வெறும் தண்ணீர், ஒற்றித் துடைத்தல், பெற்றோலியம் ஜெலி, பருத்தி உடுப்பு, அவ்வளவுதான். மோசமான நாட்களில் கதிரையில் இருந்து தொழுகிறேன். தேய்ந்துபோன மடிப்புகள் திரும்ப வரப்போவதில்லை. அது மூன்றரை வருட வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை.

வுழூச் சந்தேகத்தையும் ஒரு மௌலவியிடம் கேட்டேன். கசிவு நிற்காதவர் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து வுழூ எடுத்துத் தொழுதால் போதும் என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கனவுக் குளிப்பைப் பற்றி நபியவர்களிடம் நேரே போய்க் கேட்ட உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் செய்தியைச் சிறுமியாய் இருந்தபோதே ஓதியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

போன மாதம் ஒரு கத்த வீட்டில் சொந்தக்காரி ஒருவரைக் கண்டேன். எழுபது வயதிருக்கும். கதிரை நுனியில், ஒரு பக்கம் சாய்ந்தபடி இருந்தார். பாயைச் சுருட்டும் சாட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்:

"மாமி, இரிக்க ஏலாதா?"

அவர் அங்குமிங்கும் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆரு மனே உனக்குச் சொன்ன?" என்றார்.