நோமாய்களின் சுவர்கள்

பிரிட்டில் ஹாலோவில் இறங்குகிறவர்கள் முதலில் காலடியைப் பார்க்க வேண்டும். கோளின் நடுவே ஒரு கருந்துளை. எரிமலை நிலவு ஒன்று மேலிருந்து நெருப்புக் குண்டுகளை வீச, தரை துண்டு துண்டாகப் பெயர்ந்து அந்தத் துளைக்குள் விழுகிறது. இந்த அடிக்குத் தப்பிக்கத்தான், இப்போது அழிந்துபோன நோமாய்கள் என்ற இனத்தார் வடதுருவத்தின் அடிப்பக்கத்தில் தொங்கும் நகரம் ஒன்றைக் கட்டினார்கள். பள்ளிக்கூடமும் அதிலேயே உண்டு.

2019-இல் மொபியஸ் டிஜிட்டல் உருவாக்கிய ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ வீடியோ கேமில் நான் போய்வந்த ஊர் இது. அங்கே 22 நிமிடங்களில் சூரியன் வெடித்துவிடும். பயணம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆயுதம் இல்லை, சேர்க்கப் பணமும் இல்லை. தெரிந்துகொண்டது மட்டுமே மிஞ்சும். தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பங்கு நோமாய்களின் சுவர்களில் இருக்கிறது.

அவர்கள் சுருள் சுருளாக எழுதுவார்கள். ஒருவர் எழுதிய சுருளின் முதுகிலிருந்து இன்னொருவரின் பதில் கிளைவிடும். ஓர் இடத்தில், அனுப்பிய பொருள் அனுப்பும் முன்பே போய்ச் சேர்ந்ததாகக் கருவி காட்டுகிறது. கருவிதான் பழுதோ என்று முதலில் சந்தேகிக்கிறார்கள். ஆனாலும் அந்த மிகச் சிறிய வித்தியாசத்தை விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்கிறார்கள். வேறோர் இடத்தில், தங்கள் தேடலுக்கு வேண்டிய ஆற்றலுக்காகச் சூரியனையே வெடிக்கவைப்பது தகுமா என்ற வாக்குவாதம். கடைசியில் அதற்கான நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். அன்று சூரியன் அசைந்துகொடுக்கவில்லை. எதிர்த்தவர்களின் வாதமும் தோல்வியின் கணக்கும் அழிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது இங்கேதான்.

இடிபாடுகளைப் பார்த்தால் அழிந்தவர்கள் செய்த குற்றத்தைத் தேடுவது நம் வழக்கம். பேராசையால் வீழ்ந்தார்கள் என்று சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடுகிறது. நோமாய்களிடம் அது செல்லாது. எங்கிருந்தோ வந்த வால்மீன் ஒன்று சூரியனை நெருங்கியபோது அதன் மையம் வெடித்தது. அதற்குள்ளிருந்த கொடிய பொருள் பரவி அவர்களைக் கொன்றது. அந்தச் சாவுக்கு அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆகவே, கற்பதென்றால் அவர்கள் வாழ்ந்த விதத்திலிருந்துதான் கற்க வேண்டும்.

எம்பர் ட்வின் என்ற கோளின் குகையில் பிரம்மாண்டமான மீன் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. நோமாய்ப் பிள்ளைகள் விளையாடிய இடம். முன்னோர்களின் கப்பல் டார்க் பிராம்பிள் என்ற இடத்தில் சிக்கிக்கொண்டதையும், உயிர்காக்கும் படகுகளில் அவர்கள் தப்பியதையும் நினைத்து ஒரு கண்ணாமூச்சி. மீனாக இருப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சத்தம் காட்டாமல் அவரைக் கடந்துபோக வேண்டும். இந்த விதிகளை அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

டார்க் பிராம்பிளின் மூடுபனியில் அந்த மீன்கள் வாயைத் திறந்தபடி இன்னும் உயிரோடு திரிகின்றன. கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. எந்த விஞ்ஞானியின் குறிப்பைவிடவும் பிள்ளைகளின் அந்த விதியை நம்பியே இன்ஜினை நிறுத்திவிட்டு, வந்த வேகத்திலேயே என் கப்பலை மிதக்கவிட்டேன். வழியில் இருந்த மூன்று மீன்களும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றுக்கு அப்பால் நோமாய் முன்னோர்களின் அந்தக் கப்பல் இருக்கிறது. அதன் சுவரிலும் படிக்க எழுத்து உண்டு.