உல்லாசப் படகும் நச்சுவாயுவும்

இரசாயனம் பயிலும் மாணவர் யாவரும் கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவின் இயல்புகளை மனனஞ் செய்வர். ‘நிறமற்றது, மணமற்றது, நீலச் சுடருடன் எரிவது’ என யாமும் அங்ஙனமே எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றோம். அச்சொற்களின் முழுப்பொருள் எமக்கு விளங்கியது, ஆசிரியரானபின், அமெரிக்க நாட்டுப் பவல் ஏரியைப் பற்றிய அறிக்கையொன்றைப் படித்தபோதேயாம்.

கொலராடோ ஆற்றை அணையிட்டுத் தேக்கியதனால் உண்டான அவ்வேரி, யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களிற் பரந்து கிடக்கின்றது. விடுமுறையில் மக்கள் குடும்பத்துடன் சென்று, வீடு போன்ற பெரும் படகுகளில் அங்கே தங்குவர். படகுக்கு வேண்டும் மின்சாரத்தைப் பெட்ரோலால் இயங்கும் ஜெனரேட்டர் தரும். சில படகுகளில் அதன் புகை, பின்புறத்து மேடையின் கீழுள்ள குடைவில் வெளிப்படுமாறு அமைந்திருந்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிறுவராகிய சகோதரர் இருவர் அக்குடைவினுள் நீந்திச் சென்று உயிர்நீத்தனர்.

பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 1,200 பங்கு இருப்பினும் உயிர்க்கு உடனே ஆபத்தாம். அத்தகைய குடைவுகளிலோ 6,000 முதல் 30,000 பங்கு வரை இருந்ததென ஆராய்ந்தோர் கண்டனர். 1990 முதல் 2000 வரை அவ்வேரியிற் படகுப் புகையால் நஞ்சேறியோர் 111 பேர்; அவருள் 74 பேர் வீட்டுப் படகுகளைச் சார்ந்தோர்.

எம்மைத் திகைக்கச் செய்தது யாதெனின், இவையெல்லாம் மூடிய அறையில் அன்றி, திறந்த வானத்தின் கீழ் நிகழ்ந்தமையே. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தோன்றும் தலைவலியையும் குமட்டலையும் வெயிலின் விளைவென்றோ படகின் ஆட்டத்தால் வந்ததென்றோ எண்ணிவிடுதல் எளிது. நீந்துவோன் நினைவிழந்து அமிழ்ந்தால், ‘மூழ்கினான்’ என்றே உலகம் கூறும். இரத்தத்தைச் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது.

காக்கும் வழிகளோ அரியவல்ல. இயந்திரம் ஓடுங்கால் ஒருவரும் படகின் பின்புறத்தில் நீந்தலும், மேடையைப் பற்றித் தொங்கலும் ஆகா. படகினுள் இவ்வாயுவை அறிவிக்கும் மணிக்கருவி இருத்தல் வேண்டும். ஒருவர்க்குத் தலை சுற்றினும் உடனே இயந்திரத்தை நிறுத்தி, யாவரும் தூய காற்றுள்ள இடத்திற்கு அகல வேண்டும். புகைக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தினால் படகிலுள்ளோரை அடையும் நஞ்சு மிகக் குறையும் என்பதையும் அந்நாட்டு ஆய்வாளர் சோதித்துக் காட்டினர்.

இப்பொழுது வகுப்பில் ‘மணமற்றது’ என்னும் சொல் வருங்கால், யாம் சற்றே நிறுத்தி, அவ்விரு சிறுவரின் செய்தியைச் சொல்லிய பின்னரே மேற்செல்கின்றோம். மூக்கும் கண்ணும் அறியாத பகையை அறிவொன்றே அறியும் என்பது அச்சொல்லின் பொருள். மாணவ நண்பர்காள்! மதிப்பெண்ணுக்காகக் கற்ற அவ்வொரு சொல், ஒருநாள் நும் உடன்பிறந்தாரின் உயிரைக் காத்தல் கூடும்.